கொடுக்காப்புளி மரமும் லைன் கிளியரும்

போன வாரம் எங்கள் தெருவில் கம்பிக்கு இடைஞ்சலான மரங்களைக் கழிக்க வந்தார்கள். லாரியின் முதுகில் ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் ஒரு கூடை, கூடைக்குள் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு இளைஞன், அவன் கையில் மோட்டார் ரம்பம். நான் பல் விளக்கி முடிப்பதற்குள் ஒரு வேப்பமரத்தின் பாதித் தலை தரைக்கு வந்துவிட்டது. பால்கனியில் பிரஷர் மாத்திரையும் டம்ளரில் தண்ணீருமாக நின்று வேடிக்கை பார்த்தேன். அப்போது கீழே நின்றவன் அண்ணாந்து கத்தினான்.

“லைன் கிளியர் குடுத்தாச்சாண்ணே?”

மாத்திரை என் கையிலிருந்து தானாகவே குதித்தது. டம்ளரும் கூடவே போனது. சத்தம் கேட்டு மனைவி வந்து பார்த்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன், மின்சாரம் பாய்ந்தவன் மாதிரி.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. பழைய விஷயம்.”

“உங்ககிட்ட எதுதான் புதுசு” என்று சொல்லிவிட்டுத் துடைப்பம் எடுக்கப் போனாள்.

என் வயசுக்காரர்களே, உங்களிடம் சொன்னால் புரியும். காலையில் எழுந்ததும் இன்றைக்கு எந்த மூட்டு லீவு போட்டிருக்கிறது என்று படுக்கையிலேயே விசாரிக்கிற வயசு நமக்கு. எதற்குப் பயந்தோம் என்பது மறந்து போகும். பயந்த உடம்பு மட்டும் மறப்பதில்லை. ‘லைன் கிளியர்’ என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டால் என் உடம்பு இன்னமும் திருமுல்லைவாயிலுக்குப் போய்விடுகிறது.

அங்கேதான் எங்கள் வீடு. வயலைப் பிளாட் போட்ட புதிதில் அப்பா கட்டியது. அப்பாவுக்கு ரயில்வேயில், அண்ணனூர்ப் பக்கம், சிக்னல் கேபினில் வேலை. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து மணியடித்து லைன் கிளியர் கேட்பார்களாம். பாதை காலியாக இருந்தால் இங்கிருந்து கொடுப்பார்களாம். கொடுத்தால் வண்டி வரும். அப்பா இந்த வார்த்தையை கேபினோடு விட்டுவிட்டு வராமல் டிபன் கேரியரில் வைத்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குளியலறைக் கதவைத் தட்ட மாட்டார். வெளியே நின்று “லைன் கிளியரா?” என்பார். உள்ளே இருக்கிறவர் “கிளியர்” என்றால் அவர் வரலாம் என்று அர்த்தம். அடுப்படியிலிருந்து அம்மா “லைன் கிளியர்” என்றால் நாங்கள் தட்டோடு ஓடலாம். சொந்தக்காரர்கள் விடைபெற்று முனை திரும்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அம்மா அதையே மெல்லிய குரலில் சொன்னால், ஒளித்து வைத்த முறுக்கு டப்பா வெளியே வரும்.

ஆக, எங்கள் வீட்டில் லைன் கிளியர் என்றால் ஏதோ ஒன்று வரப்போகிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மரம். பின்கட்டில் ஒரு கொடுக்காப்புளி மரம் நின்றது. யாரும் நட்டதல்ல. வயல் வரப்பில் வேலியாக இருந்தது, பிளாட்டோடு சேர்ந்து வந்தது. கோடையில் காய் வெடித்து, பச்சையும் சிவப்புமாகச் சுருண்டு தொங்கும். உள்ளே வெள்ளைச் சதை, தின்றால் நாக்கு வறண்டு தொண்டையில் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதன் கொட்டையின் கறுப்புத் தோலை மட்டும், உள்தோலில் கீறல் விழாமல் நகத்தால் உரிக்க வேண்டும். அதுதான் எங்கள் தெருப் பிள்ளைகளின் பெரிய வித்தை. நான் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. நடுங்காத கை வேண்டும் அதற்கு.

மரத்தின் மேல் கம்பி போனது அப்பாவின் கைங்கரியம். கரண்ட் ஆபீஸ்காரர்கள் கம்பம் நட வந்தபோது எங்கள் வாசலுக்கு நேரே குழி தோண்டினார்களாம். “நிலைவாசலுக்கு எதிர்ல கம்பமா? வீடு வெளங்குமா?” என்று அப்பா குழிக்குள்ளேயே இறங்கி நின்றுகொண்டாராம். அவர்கள் அலுத்துப் போய்க் கம்பத்தை மூலைக்குத் தள்ளினார்கள். அதனால் தெருவோடு போக வேண்டிய கம்பி எங்கள் பின்கட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நேராகக் கொடுக்காப்புளியின் உச்சந்தலை மேல் போயிற்று. வாசலைக் காப்பாற்றிய பெருமையில் அப்பா கொல்லையை அண்ணாந்து பார்க்கவில்லை.

பிறகு காற்று அடிக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. கிளை போய்க் கம்பியை உரசும், ஒரு கம்பி இன்னொன்றின் மேல் மோதும், மத்தாப்பு மாதிரி பொறி கொட்டும், முனையில் டிரான்ஸ்பார்மர் பக்கம் ‘டப்’. தெரு முழுக்க இருட்டு. இது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டிவியில் படம் ஓடும்போது நடந்ததுதான் மரத்தின் கெட்ட நேரம். கதாநாயகி விஷத்தை வாயருகே கொண்டு போன கணத்தில் ஒரு தடவை கரண்ட் போயிற்று. அவள் குடித்தாளா இல்லையா என்று தெருவில் யாருக்கும் கடைசிவரை தெரியாது. எதிர்வீட்டு அத்தை மறுநாள் காலை வரை எங்கள் வாசலிலேயே நின்று பேசினாள். அவளுடையது அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். எங்களுக்கு உறவில்லை, ஆனாலும் அப்பாவை அண்ணே என்பாள்.

“அண்ணே, ஒன்னு அந்த மரம் இர்க்கணும், இல்ல எங்கூட்டு டிவி இர்க்கணும். ரெண்டுத்துல ஒன்ன நீயே வெட்டிடு.”

வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கழிக்க வரும் ஆட்கள் மரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மொட்டையாக்கிவிட்டுப் போவார்கள், பாதி மீசை எடுத்த ஆள் மாதிரி நிற்கும். அந்த வருஷம், புரட்டாசி முடியும்போது, லைன்மேனே வந்து சொன்னார். மரத்தை அடியோடு எடுத்துவிடச் சொல்லி ஆபீசில் சொல்லிவிட்டார்களாம்.

லைன்மேன் அப்பாவுக்கு சிநேகிதர். எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் சைக்கிளைக் கேட்டில் சாய்த்துவிட்டு ஒரு டம்ளர் டீ குடிப்பார். இருவரையும் சேர்த்தது அந்த வார்த்தைதான்.

“எங்க டிபார்ட்மெண்ட்ல லைன் கிளியர்னா வேற அண்ணாத்தே. கம்பியில கரண்டு இல்ல, நீ ஏறிக்கோன்னு அர்த்தம். அது வாங்காம கம்பத்தத் தொட்டா நேரா மாலைதான்.”

“எங்க பக்கம் லைன் கிளியர் குடுத்த பெறகு பாதையில நின்னா மாலை” என்றார் அப்பா.

இருவரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். யோசித்துப் பாருங்கள். ரயில்காரருக்கு லைன் கிளியர் என்றால், பாதை காலி, வண்டியை அனுப்பு. கரண்ட்காரருக்கு லைன் கிளியர் என்றால், கம்பி காலி, ஆளை அனுப்பு. அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு மரியாதை வந்தது. அப்பா அவரிடம் பேசும்போது கரண்ட் பாஷை பேசுவார். அவர் அப்பாவிடம் ரயில் பாஷை பேசுவார். நாகரிகமான மனிதர்கள். அவ்வளவு நாகரிகம் ஆளைக் கொல்லும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மரத்தை எடுக்கச் சொன்னதும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. “அது என்ன பாவம் பண்ணுச்சு? கம்பிய அதும்மேல இழுத்து வுட்டது நாந்தான்” என்றார். அவர் வாயிலிருந்து அதை அந்த ஒரு முறைதான் கேட்டேன். பிறகு கெஞ்ச ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லைன் கிளியர் கொடுத்தால் தானே ஏறி, கம்பியைத் தொடும் கிளைகளை மட்டும் ஒழுங்காகக் கழித்துவிடுவதாகவும், கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே ஆள் புகுந்து போகிற இடைவெளி இருந்தால் ஆபீசில் சொல்லி மரத்தை விட்டுவிட வேண்டும் என்றும்.

லைன்மேன் வெகுநேரம் டம்ளரைச் சுழற்றினார்.

“நீ ஏறக் கூடாது அண்ணாத்தே. வெளிய தெரிஞ்சா எனுக்கு வேலை காலி.”

“தெரியாது.”

“நான் டிரான்ஸ்பார்மராண்டயே நிக்கணும். இந்த ஊர்ல கரண்டு இல்லன்னா அவனவனே வந்து பீஸ் கட்டையச் சொருகிடுவான். அப்ப உன்கிட்ட யாரு வந்து சொல்லுவா?”

இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் கோடையில் எடுத்து வைத்த கொட்டை ஒன்றை உரித்துக்கொண்டிருந்தேன். உள்தோல் கீறிவிட்டது.

என்னைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பல்லி விழுந்ததற்கு ‘திருடன்’ என்று கத்தியவன் நான். பள்ளியில் தீயணைப்பு வண்டியைப் பார்த்துவிட்டு முதலில் ஓடியவன் நான். அவர்கள் தண்ணீர் பிடிக்க வந்திருந்தார்கள். உயிர் போகிற வேலைக்குத் தூது போக எங்கள் வட்டாரத்திலேயே என்னைவிடத் தகுதியில்லாத ஆள் கிடைத்திருக்க மாட்டான். இதை அம்மாவும் சொன்னாள். அப்பா கேட்கவில்லை. “ரெண்டு வார்த்தை. கேட்டதைச் சொல்லணும். அவ்வளவுதான். இதுல பயப்பட என்ன இருக்கு?” என்றார்.

மரத்திலிருந்து பார்த்தால் டிரான்ஸ்பார்மர் தெரியாது, கத்தினாலும் கேட்காது. தெரு நடுவில் ஒடிந்து திரும்பும். அந்த முனையில் இடிந்த மோட்டார் கொட்டகைச் சுவர் ஒன்று. அதன் மேல் ஏறி நின்றால் மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். அதுதான் என் ஸ்டேஷன்.

ஞாயிறு காலை லைன்மேன் டிரான்ஸ்பார்மர் கம்பத்துப் பெட்டியைத் திறந்து, கம்பிக்குக் கரண்ட் போகாதபடி வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தன் காக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “லைன் கிளியர் குடுத்தாச்சுன்னு சொல்லு நைனா” என்றார். ஓடிப் போய்ச் சொன்னேன். அப்பா கையில் கத்தியோடு ஏறினார். ஒவ்வொரு கிளையும் விழும்போது முள்ளும் தூசியும் பச்சை வாடையும் முகத்தில் அடித்தன. அம்மா கீழே நின்று, “போதும் இறங்குங்க” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. பிறகு தோசை ஊற்றப் போய்விட்டாள்.

வெயில் ஏறியது. டிரான்ஸ்பார்மர் பக்கம் கூட்டம் சேர்ந்தது. பக்கத்து மாவு மில்லில் டின்னோடு உட்கார்ந்திருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். மில்காரர் எழுந்து வந்து லைன்மேனிடம் நின்றார்.

“இன்னா தலைவரே, எம்மா நேரம்? ஒரு கொடுக்காப்புளிக்கு ஊரே பட்டினியா?”

லைன்மேன் நெளிந்தார். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “போய், முடிஞ்சிதா, நான் வுடலாமான்னு… இரு, ஒங்கப்பா பாஷையிலயே கேளு. லைன் கிளியரான்னு கேட்டுகினு வா.”

ஓடினேன். அப்பா உச்சியில் இரண்டு கவைகளுக்கு நடுவே காலை விரித்துச் செருகிக்கொண்டு, கடைசிப் பெரிய கிளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கிளை கம்பியில் சிக்கியிருந்தது. சட்டை முழுக்க முள் கிழிசல். முகத்தில் மட்டும் அவ்வளவு சந்தோஷம்.

“அப்பா! லைன்மேன் கேக்குறாரு, லைன் கிளியரா?”

அப்பா சிரித்தார். லைன்மேன் மாதிரியே பேசிக் காட்டினார். “கிளியரா கீது நைனா, படா கிளியரா கீதுன்னு சொல்லு!”

அப்பா கரண்ட் பாஷையில் பதில் சொல்லிவிட்டார். கம்பியில் கரண்ட் இல்லை, வேலை நன்றாக நடக்கிறது என்றார். லைன்மேன் ரயில் பாஷையில் கேட்டிருந்தார். பாதை காலியா, அனுப்பலாமா என்றார். ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதை நடுத்தெருவில் ஒன்றையொன்று பார்க்காமல் கடந்து போயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்.

மோட்டார் கொட்டகைச் சுவர் வரை ஓடினேன். சுவரில் ஏறி, “கிளியர்” என்று கத்தினால் போதும். வாயைத் திறந்தேன். அப்போதுதான் எங்கள் குளியலறைக் கதவு நினைவுக்கு வந்தது. கிளியர் என்றால் வரலாம். என்ன வரலாம்?

வலப்பக்கம் பார்த்தேன். என் வாயையே பார்த்தபடி, லைன்மேன் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டையை எடுத்துப் பெட்டிக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் பார்த்தேன். அப்பா ஒரு கையால் கம்பியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிளையை வெட்டிக்கொண்டிருந்தார்.

‘வேணாம்’ என்று கத்தியிருக்கலாம். மூன்றெழுத்து. ‘நில்லுங்க’ என்றிருக்கலாம். சும்மா கையையாவது ஆட்டியிருக்கலாம். என் மூளை அந்த நேரத்தில் எனக்கு வைத்திருந்தது ஒரே வாக்கியம்தான்.

“எங்கப்பா செத்துட்டாரு!”

செத்துடுவாரு என்று சொல்ல வந்தேன். எதிர்காலத்தில் சொல்ல வேண்டியது இறந்தகாலத்தில் வந்துவிட்டது. எங்கள் தமிழ் ஐயா கேட்டிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

லைன்மேன் கட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். மில்காரர் பின்னால். மாவு டின் பெண்கள் அவருக்குப் பின்னால். எதிர்வீட்டு அத்தை அவர்களையெல்லாம் முந்திக்கொண்டு, தலைமுடி அவிழ, மார்பில் அடித்துக்கொண்டு எங்கள் பின்கட்டுக்குள் நுழைந்து மரத்தடியில் விழுந்தாள். “கொஞ்ச நேரத்துக்கு முன்னகூட சிரிச்சிகினு இருந்தியே அண்ணே! டிவிக்கோசரம் உன்ன மரத்துல ஏத்திட்டனே அண்ணே!” அம்மா தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், கரண்டி கீழே விழுந்தது. மேலே பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மரத்தின் உச்சியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“என்னம்மா ஆச்சு? யாரு போய்ட்டா?”

அத்தை அழுகையை நிறுத்தாமல் அண்ணாந்தாள். “நீதாண்ணே!” என்றாள்.

யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். அதற்குப் பின் சிரிப்பு தெருவெல்லாம் போயிற்று. லைன்மேன் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து குனிந்தார். “ஒங்கப்பா இன்னா சொன்னாரு?” என்று காதருகே கேட்டார்.

“கிளியர்னாரு.”

அவர் தன் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். அதைத் துணி துவைக்கும் கல்லின் மேல் மெல்ல வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். போகும்போது கட்டையை மறந்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை தெருவில் பாதி வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. கடைசியில் அந்தக் கட்டை எங்கள் சோப்பு டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது.

உயிரோடு இருக்கிறவருக்கு ஒப்பாரி வைத்தாயிற்று. அதற்குப் பரிகாரம் வேண்டும் என்றாள் அம்மா. அப்பாவை மஞ்சள் தண்ணீரில் குளிக்க வைத்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள், வாசலில் பூசணிக்காய் உடைத்தாள். அதற்கு நடுவே எனக்கும் கன்னத்தில் ஒன்று விழுந்தது. “பெத்த அப்பனைக் கொல்ற வாய்டா உனக்கு!”

குளித்துக்கொண்டிருந்த அப்பா என்னைக் கூப்பிட்டார். கதவுக்கு வெளியே நின்றேன்.

“அவரு உன்கிட்ட எப்படிக் கேக்கச் சொன்னாரு?”

“உங்கப்பா பாஷையிலயே கேளுன்னாரு.”

உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது. பிறகு, “சரி, போ” என்றார்.

அவ்வளவுதான். வெளியே வந்து அம்மாவிடமோ தெருவிடமோ அவர் எதுவும் சொல்லவில்லை. லைன்மேனும் சொல்லவில்லை. சொன்னால் ஒருவருக்கு வேலை போகும், இன்னொருவருக்கு மானம் போகும். எனக்குப் போனது பெயர்தான். தெருவில் என் பெயரே ‘எழவு நியூசு’ என்றாகிவிட்டது. கிரிக்கெட்டில் நான் அவுட் என்று கத்தினால், “உயிரோட கீறானா பார்த்துட்டுச் சொல்றா” என்பார்கள். அப்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது அந்த இரண்டு பேரின் வயசையும் நான் தாண்டிவிட்டேன். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆத்திரப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

மரம் தப்பவில்லை. ஒப்பாரி கேட்ட மரம் வீட்டில் ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டாள். கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே தாராளமாக ஆள் புகும் இடைவெளி இருந்தது. அப்பா அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார், எதிர்த்துப் பேசவில்லை. லைன்மேனே ஆள் கொண்டுவந்து, முறையாக லைன் கிளியர் வாங்கி, அடியோடு எடுத்தார். அதற்கடுத்த ஞாயிறு டிவி படம் முழுசாக ஓடியது. நன்றாக இல்லை.

அன்றிலிருந்து அப்பா குளியலறைக்கு வெளியே நின்று எதுவும் கேட்டதில்லை. விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அம்மாவுக்கு அது வினோதமாக இருந்தது. எனக்கு மட்டும் தெரியும். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட்.

அவர் பிறகும் பல வருஷம் இருந்தார். ஓய்வு பெற்றார், கண் ஆபரேஷன் செய்துகொண்டார், அதே வீட்டில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்த் தொட்டுப் பார்த்தேன். அம்மா பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று வாசலுக்கு வந்தேன்.

எதிர்வீட்டு அத்தை, நிழலில் நாற்காலி போட்டு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கேட்டாள்.

“இன்னாடா எழவு நியூசு, மூஞ்சி ஏன் இப்டி கீது?”

வாயைத் திறந்தேன். மூடிவிட்டு, கேட்டை அகலத் திறந்து வைத்தேன்.

அத்தையின் கை கீரையில் நின்றது. இந்தத் தடவை அவள் ஓடி வரவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தெருவைக் கடந்து, எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நெசமாவாடா?”

நான் என்னையறியாமல் பின்கட்டுப் பக்கம் அண்ணாந்து பார்த்தேன். அங்கே கம்பி மட்டும் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. எதிலும் உரசாமல்.

“எங்கப்பா செத்துட்டாரு, அத்தை” என்றேன்.

காலம் இந்த முறை சரியாக இருந்தது.